பாத்தள் என்ற ஒரு சொல்

புனேயின் விமான் நகரில் தனியறை எடுத்துத் தங்கியிருக்கும் தமிழ்ப் பையன்கள் எல்லோருக்கும் சியாமளாவின் மெஸ் தெரியும். மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில், முன்னறையில் நீள மேசைகள், பின்னால் சமையற்கட்டு. முதல் மாடியில் அவள் வீடு. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்துவதும், அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் அங்கே எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

அவள் பொள்ளாச்சிக்காரி. கணவர் சந்துருவுக்குப் புனேயை அடுத்த சாக்கனில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது, கைக்குழந்தை மனோஜைத் தூக்கிக்கொண்டு புனே வந்தாள். வந்த புதிதில் விரலைக் காட்டித்தான் காய்கறி வாங்குவாள். இன்று அதே கடைக்காரரிடம் மராத்தியில் சண்டை போடுகிறாள். அந்த மராத்தியை அவள் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. உதவிக்கு வந்த வைஷாலியிடம், அடுப்படியில், உப்பும் புளியுமாகக் கற்றது. அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். அந்தப் பெருமை கடைசியில் அவள் பிள்ளையின் தலையில் விடிந்தது.

அடுப்படியில் இரண்டு பேருக்கும் வேலை பிரிந்திருந்தது. சோறு, சாம்பார், ரசம், மராத்திப் பையன்கள் கேட்கும் ஆம்ட்டிப் பருப்பு என்று பாத்திரத்தில் கொதிப்பது எல்லாம் சியாமளாவின் பொறுப்பு. பலகையும் குழவியும் வைஷாலியுடையவை. சியாமளாவுக்குச் சப்பாத்தி வட்டமாக வராது. அவளும் அதற்காகக் கவலைப்பட்டதில்லை.

"ஆன்ட்டி, பருப்பு இன்னிக்கு லீவா? சாம்பார்ல நீச்சல் அடிக்கலாம் போலருக்கு" என்பான் கிட்டு. மாம்பலத்துப் பையன், தினமும் எதையாவது குறை சொல்லிவிட்டு மூன்று முறை வாங்கிச் சாப்பிடுகிறவன்.

"அடி கண்ணு, அடி. முருங்கக்காய் முட்டுனா எங்கிட்ட வந்து அழுவாத."

வைஷாலி அண்டாவை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். "தாயி, கிட்டு சொல்றது சரிதான். பாத்தள்."

தாயி என்றால் மராத்தியில் அக்கா. பாத்தள் என்றால் நீர்த்துப்போனது. அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்று சியாமளா அறிந்திருக்கவில்லை. அறிந்துகொள்ள வேண்டிய தேவையும் அதுவரை வரவில்லை.

மனோஜ் ஒரே பிள்ளை. இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் வரை கிரிக்கெட் மட்டையும் கையுமாகத் திரிந்தவன், திடீரென்று பேச்சைக் குறைத்தான். குளிக்க மறந்தான். புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சியாமளா அதைக் காதல் விவகாரம் என்று நினைத்தாள். "யாருன்னு சொல்லு கண்ணு. மராத்திப் புள்ளையா இருந்தாலும் செரி, நான் போய்ப் பேசறேன்" என்று கெஞ்சினாள். அவன் அவளைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு ஒரு நாள், பக்கத்து வீட்டில் தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று சுவரில் காதை வைத்து நின்றான். பக்கத்து வீடு அப்போது பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது.

மருத்துவமனையில் டாக்டர் ஷீலா மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை என்றார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார். ஸ்கிசோஃப்ரீனியா. மனச்சிதைவு என்று அதைத் தமிழில் சொல்வார்கள் என்பதைச் சந்துரு செல்போனில் தேடிக் கண்டுபிடித்து, அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

மாத்திரை வேலை செய்தது. குரல்கள் அடங்கின. உடம்பு பருத்தது, நடை மெதுவானது, ஆனால் மனோஜ் திரும்பி வந்தான். விட்ட பரீட்சைகளை எழுதினான். விமான் நகரிலேயே ஒரு நிறுவனம் அவனுக்கு வேலை தருவதாகச் சொன்னது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சியாமளா மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். அவன் என்னவென்று பார்க்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். உலகத்தில் எல்லோர் மீதும் சந்தேகம் வந்த காலத்திலும், அந்தக் கையின் மீது மட்டும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்தக் கைதான் தவறு செய்தது.

இந்த நோயின் ஒவ்வொரு கட்டத்திலும் மூளை எப்படி மாறுகிறது என்று மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. மனோஜ் சம்மதித்து இரண்டாவது ஸ்கேன் எடுத்துக்கொண்டான். முடிவைக் கேட்கப் போன அன்று சந்துருவுக்கு ஷிப்ட். தாயும் மகனும் மட்டும் போனார்கள்.

டாக்டர் ஆங்கிலத்தில் தொடங்கியதும் சியாமளா மறித்தாள். "மராத்தியிலேயே சொல்லுங்க டாக்டர். எனக்கு நல்லா வரும்."

திரையில் இரண்டு சாம்பல் நிறப் படங்கள் அருகருகே இருந்தன. டாக்டர் பேனாவின் முனையால் காட்டினார். "இது நோய் தொடங்கியபோது எடுத்தது. இது இப்போது எடுத்தது. மேல் அடுக்கு, நெற்றிப் பக்கமும் காதோரமும், கொஞ்சம் பாத்தள் ஆகியிருக்கிறது. நடுவில் தெரிகிறதே, நீர் இருக்கும் அறைகள், அவை சற்றுப் பெரிதாகியிருக்கின்றன."

பாத்தள். நீர். அந்த இரண்டு சொற்களும் சியாமளாவின் நெஞ்சில் கொதிக்கும் எண்ணெய்த் துளிகளாக விழுந்தன.

"மாத்திரையாலயா?" என்று மனோஜ் கேட்டான்.

"மாத்திரைக்கும் சிறு பங்கு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன" என்றார் டாக்டர். நேர்மையான பெண். எதையும் மறைக்காதவர். தொடர்ந்து இன்னும் நிறையச் சொன்னார். நோயாலேயே இந்த மாற்றம் வரும், முதல் சில வருடங்களில்தான் அதிகம் தெரியும், மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும், அதுதான் பெரிய ஆபத்து என்றார். மனோஜ் தலையாட்டினான். சியாமளாவும் தலையாட்டினாள். ஆனால் அவள் காது முதல் வாக்கியத்திலேயே அடைத்துப்போயிருந்தது.

சாயங்காலம் சந்துரு வந்ததும் கேட்டார். "என்ன சொன்னாங்க அம்மிணி?"

"நல்லாருக்குதுன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"வேறென்ன சொல்லோணும்? காலக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அண்டாவில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் அள்ளி ஊற்றிப் பார்த்தாள். பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையின் மூளை இப்படிக் கரைந்துகொண்டிருக்கிறதா? அதைக் கரைக்கும் மாத்திரையைத் தினமும் தன் கையாலேயே ஊட்டிக்கொண்டிருக்கிறோமா? பருப்பு நீர்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டும்.

அன்று மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டினாள். சில நாட்கள் கழித்து அந்தப் பாதியும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். சந்துருவின் முழங்கால் வலிக்கு வாங்கி வைத்திருந்த கால்சியம் மாத்திரையும் வெள்ளைதான், ஏறக்குறைய அதே அளவுதான். அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். மனோஜ் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டான்.

கொடுமை என்னவென்றால், முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. காலையில் தூக்கக் கலக்கம் இல்லை. மெஸ்ஸில் பரிமாற வந்தான். கிட்டுவின் தட்டில் சாம்பாரை ஊற்றி, "லைஃப் ஜாக்கெட் வேணுமா?" என்று கேட்டான். மேசையே சிரித்தது. சியாமளா சமையற்கட்டில் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகிழ்ச்சியில் அழுதாள். டாக்டருக்குத் தெரியாதது தாய்க்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

பிறகு அவன் தூங்குவதை நிறுத்தினான். எதுவும் ஓடாத செல்போனில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். விமானம் போகும் ஒவ்வொரு முறையும் மேலே பார்த்து உதட்டை அசைத்தான். சாப்பிடும் முன் சோற்றை முகர்ந்து பார்த்தான்.

"ஏம்புள்ள, மாத்திர ஒழுங்காப் போடறானா?" சந்துரு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எங்கையாலதானுங்க குடுக்கறேன்."

"அப்பறம் ஏன் மறுக்கா இப்படி இருக்கான்?"

"புது வேலைல சேரப் போறானில்லீங். அந்தப் பயம்."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சரி, நாளையிலிருந்து பழைய மாத்திரையைக் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் மீண்டும் கரையுமே. கொடுக்காவிட்டால்? கணவரிடம் சொல்லவும் முடியாமல், டாக்டரைக் கேட்கவும் பயந்து, இரண்டு பக்கமும் நெருப்பு எரிய நடுவில் நின்றாள்.

விடை ஒரு மத்தியானம் வந்தது. மெஸ்ஸில் நல்ல கூட்டம். கிட்டு இரண்டாவது முறை சாம்பாருக்குக் கை நீட்டியபோது, மாடியிலிருந்து இறங்கி வந்த மனோஜ் வாளியைப் பிடுங்கித் தரையில் கொட்டி, சியாமளாவை விரலால் காட்டினான்.

"யாரும் சாப்பிடாதீங்க. இதுல என்னமோ மிக்ஸ் பண்ணியிருக்கா. எனக்குத் தெரியும். டெய்லி பண்றா."

தட்டுகளுக்கு மேல் கைகள் அப்படியே நின்றன. கிட்டு எழுந்து, "மனோஜ், டேய், வா, வெளிய போய்ப் பேசலாம்" என்றான். மனோஜ் அவனைத் தள்ளிவிட்டுப் படியேறினான். வீட்டைக் கடந்து, மேலே, மொட்டை மாடி வரை அவன் காலடி கேட்டது. அந்த மாடியின் கைப்பிடிச் சுவர் இடுப்புயரம்கூட இருக்காது.

சியாமளா பின்னாலேயே ஓடினாள். வைஷாலி மாவுக் கையோடு டாக்டரை அழைத்து, மாடிப்படியில் ஓடியபடியே செல்போனை அவள் காதருகில் பிடித்தாள்.

"ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன். அவன் அப்பாவை வரச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். "அவனோடு வாதாட வேண்டாம். நெருங்கிப் போக வேண்டாம். மாத்திரை ஒழுங்காகப் போட்டானா?"

சியாமளா மொட்டை மாடிக் கதவுக்குக் கீழே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் நிறுத்தினேன் டாக்டர். மாத்திரையால மூளை தண்ணியாப் போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"தண்ணியா? நான் எப்போது அப்படிச் சொன்னேன்?"

"பாத்தள்னு சொன்னீங்களே."

வைஷாலிக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ தாயி. பலகையில் நான் தினமும் என்ன செய்கிறேன்? சப்பாத்தியைப் பாத்தளாகத் தேய்க்கிறேன். அதில் தண்ணி எங்கே இருக்கிறது? கனம் குறைவு. தடிமன் கம்மி. அவ்வளவுதான்."

ஒரே சொல். பாத்திரத்தில் இருந்தால் ஒரு பொருள், பலகையில் இருந்தால் வேறு பொருள். இத்தனை வருடமாக இரண்டு பெண்களும் ஒரே அடுப்படியில் தோளோடு தோள் நின்று அந்தச் சொல்லைப் பேசியிருக்கிறார்கள்.

சியாமளா அழவில்லை. அழ நேரமில்லை. செல்போனை வைஷாலியிடம் விட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், கைப்பிடிச் சுவரில் கை ஊன்றி மனோஜ் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் ஒரு காலைத் தூக்கிச் சுவரின் மீது வைத்தான்.

"வராத. அங்கயே நில்லு."

நின்றாள். செருப்பு இல்லை. வெயிலில் தரை அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

"என்ன மிக்ஸ் பண்ண? சச் சொல்லு. உண்மை சொல்லு."

ஒன்றுமில்லை கண்ணு, எல்லாம் உன் பிரமை என்று சொல்லலாம். இத்தனை நாள் அப்படித்தான் சொல்லி வந்தாள். உண்மையைச் சொன்னால், தாய் தன்னை ஏமாற்றினாள் என்பது உறுதியாகிவிடும். அந்த நொடியே மறுகாலும் மேலே ஏறிவிடலாம். பொய் சொன்னால், தன் புத்தியையே நம்ப முடியாத நரகத்தில் அவனைத் தள்ளிக் கதவைச் சாத்தியதாகிவிடும். அவன் கண்களைப் பார்த்தாள். அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. ஒரே ஒரு மனுஷராவது ஆமாம் என்று சொல்லமாட்டார்களா என்ற பயம்.

"சாப்பாட்டுல ஒண்ணும் கலக்கல சாமி" என்றாள். "மாத்திரையத்தான் மாத்துனேன். உன்ற மாத்திரய எடுத்துப்போட்டு, அப்பாவோட கால்சியம் மாத்திரயக் குடுத்தேன். டாக்டர் சொன்னது எனக்குத் தப்பாப் புரிஞ்சுபோச்சு. உம்மேல சத்தியமா, உனக்குக் கெடுதல் நெனைக்கல. ஆனா செஞ்சது நாந்தான்."

ஒரு விமானம் தாழ்வாக வந்தது. இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள். அது கடந்து போகும்வரை சுவர் மீதிருந்த அவன் காலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் சொன்னது நெசமா?" அவன் குரல் உடைந்தது.

"பாதி நெசம். யாரோ என்னமோ பண்றாங்கன்னு நீ கண்டுபுடிச்சது செரிதான்."

"எல்லாரும் இல்லைன்னாங்க. நீயும் இல்லைன்ன."

"ஆமா கண்ணு. நானுந்தான் பொய் சொன்னேன்."

அவன் காலைச் சுவரிலிருந்து இறக்கினான். ஆனால் அவள் ஓர் அடி எடுத்து வைத்ததும் கையை நீட்டித் தடுத்தான். "நீ வேண்டாம். அப்பா வரட்டும். அப்பா வந்தாத்தான் எறங்குவேன்."

சாக்கன் பக்கமில்லை. நெரிசலில் அந்தச் சாலை நகரவே நகராது. தொட்டியின் நிழலில் மகன் உட்கார்ந்திருந்தான். வெயிலில், அவன் காட்டிய இடத்திலேயே தாய் நின்றாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் டாக்டர் சொன்னபடி படியிலேயே காத்திருந்தார்கள். வைஷாலி செருப்பைக் கதவோரம் தள்ளி வைத்தாள். அதை எடுக்க நகர்ந்தால் அவன் மிரண்டுவிடுவானோ என்று சியாமளா அசையவில்லை.

சந்துரு வந்தபோது சட்டை முழுவதும் நனைந்திருந்தது. கதவருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் சொன்னார். "என்ரா இது, கீழ ஒரே சாம்பாரு. வழுக்கி உழுந்திருப்பேன். வா, போலாம்."

மனோஜ் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மாவைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் சேர்த்தார்கள். பழைய மாத்திரை மீண்டும் தொடங்கியது. டாக்டர் ஷீலா சந்துருவையும் சியாமளாவையும் உட்காரவைத்து, இந்த முறை ஒரு காகிதத்தில் படம் வரைந்து, மெதுவாகச் சொன்னார். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே மூளையில் சில மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. முதல் சில வருடங்களில் மேல் அடுக்கின் கனம் வேகமாகக் குறைவதுண்டு. பிறகு பலருக்கு அந்த வேகம் தணியும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. படத்தை மட்டும் பார்த்து ஒருவன் எப்படி வாழ்வான் என்று யாராலும் சொல்ல முடியாது. "உங்கள் மீதும் தவறு, என் மீதும் தவறு. நான் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

சியாமளாவின் நெஞ்சில் ஒரே ஒரு கேள்வி முள்ளாக நின்றது. நான் நிறுத்திய நாட்களில் என் பிள்ளையின் மூளையில் எவ்வளவு போயிற்று? வாய்வரை வந்தது. கேட்கத் துணிவில்லை. அந்த முள்ளோடு எழுந்து வந்தாள்.

மனோஜ் வீடு திரும்பிய அன்று ஒரு நிபந்தனை விதித்தான். மாத்திரை அவன் அறையில் இருக்கும். அவனே எடுத்துப் போட்டுக்கொள்வான். அப்பா பார்க்கலாம். அம்மா தொடக் கூடாது.

"செரி கண்ணு" என்றாள்.

அதற்குமேல் அவன் அவளோடு பேசவில்லை. வேண்டியதை அப்பாவிடம் கேட்டான். அவள் வைத்த சோற்றை, வைஷாலி ஒரு வாய் தின்ற பிறகுதான் தொட்டான். நிறுவனம் வேலையைத் தள்ளிவைத்தது. மாதங்கள் போயின. வைஷாலி முதலில் தின்பது மெல்ல நின்றது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. அந்த வாயிலிருந்து அம்மா என்று ஒரு சொல் வராதா என்று அவள் ஏங்கிக் கிடந்தாள். ஆய்வுக்காக எடுத்த மூன்றாவது ஸ்கேனின் முடிவைக் கேட்கப் போகும் நாள் வந்தபோது, அப்பாவும் மகனும் மட்டும் ஆட்டோவில் ஏறினார்கள். அவளைக் கூப்பிடவில்லை.

அன்று அவள் சமையலில் உப்பில்லை. கிட்டுகூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுப் போனான். மேசைகளைத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்து நின்றது. சந்துரு நேராக மாடிக்குப் போய்விட்டார். மனோஜ் உள்ளே வந்து அவளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தான்.

"டாக்டர் சொன்னதை நான் சொல்றேன்" என்றான். பள்ளி, கல்லூரி எல்லாம் புனேயில் படித்தவன், தமிழ் அவனுக்குத் தடவித் தடவித்தான் வரும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மயிரிழை இடைவெளியில் பிடித்துக் காட்டினான். "இப்படி இருந்தா தமிழ்ல என்ன சொல்லுவாங்க?"

"மெலிசு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஆங். மெலிசு. மெலிசாத்தான் இருக்காம். போன தடவைக்கும் இப்பவுக்கும் பெரிய ஃபரக் இல்லையாம். இனிமே எப்படிப் போகும்னு இப்பவே சொல்ல முடியாதாம். மாத்திரை விடக் கூடாதாம்." மூச்சு வாங்கிக்கொண்டான். "புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லு."

"மெலிசா இருக்குது. பெரிய வித்தியாசமில்ல. இனிமேப் பத்தி இப்பச் சொல்ல முடியாது. மாத்திர விடக் கூடாது." ஒரு குழந்தையைப் போலத் திருப்பிச் சொன்னாள். கண்ணீர் மேசையில் விழுந்தது. அதற்குமேல் தாங்க முடியாமல், "கண்ணு, நான் நிறுத்துனதால..." என்று தொடங்கினாள்.

"அதையும் கேட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"நீ கேட்கமாட்டன்னு தெரியும். அதான் நானே கேட்டேன்." அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். "தெரியாதாம், அம்மா. அவங்களுக்கும் தெரியாதாம்."